முதல் ஸொனாட்டா எது?

பியானோவில் சின்ன உருப்படிகள் கைக்கு வந்துவிட்டன. அடுத்து ஒரு ஸொனாட்டா வேண்டும் என்கிறீர்கள், இல்லையா? உடனே எல்லோரும் மோஸார்ட்டின் ஸி மேஜர் ஸொனாட்டாவைத்தான் காட்டுவார்கள். 1788-ல் அவரே அதை ஆரம்ப மாணவர்களுக்கென்று தம் பட்டியலில் குறித்தார். நம்பிவிடாதீர்கள், சகோதரிகளே! நாலு ஆவர்த்தம் தாண்டியதும் வலது கை ஸ்வர வரிசைகளாக ஓடவேண்டும். ஒரு விரல் தடுக்கினாலும் அடுத்த வீட்டு மாமிக்குத் தெரிந்துவிடும்!

என்னைக் கேட்டால், 1805-ல் வெளியான பீத்தோவனின் ஓபஸ் 49-ல் இரண்டாவது, ஜி மேஜர். இரண்டே பகுதிகள். பின்பகுதி மினுவெட் நடை. அந்த மெட்டை ஏழு வாத்தியங்களுக்கான தம் உருப்படியிலும் அவர் கையாண்டிருக்கிறார். முதலில் அதையே பழகுங்கள். அடுப்படி வேலைக்கு நடுவே தினம் அரை மணி உட்கார்ந்து, ஐந்து மாதத்தில் முழு ஸொனாட்டாவையும் வாசித்து முடித்தேன். மோஸார்ட் அடுத்த வருஷம்வரை காத்திருக்கட்டுமே!