உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

வேலை தேடிப் போகிற இளைஞனிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகவும் பொல்லாதது, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். மற்றக் கேள்விகளுக்குப் புத்தகத்தில் பதில் உண்டு, இதற்குக் கிடையாது. ஆனாலும் பாருங்கள், விலைக்கு விற்கிற பதில்களில் இதற்குத்தான் கிராக்கி அதிகம்.

திருவள்ளூரில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன். மின் பொறியியலில் புதிதாகப் பட்டம் பெற்றவன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. "சார், நீங்கள் கதை எழுதுகிறவர். நான் பேசப்போவதைக் கேட்டுத் திருத்திக் கொடுங்கள்" என்று வந்து நின்றான். கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். பட்டதாரிக்குப் பாடம் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? ஆனால் பாத்திரங்களைப் பேச வைப்பதுதான் என் பிழைப்பு. "சொல் தம்பி" என்றேன்.

இங்கிலீஷில் மடமடவென்று ஒப்பித்தான். கடின உழைப்பாளியாம், எல்லோரோடும் இணைந்து வேலை செய்வானாம், தகப்பனார் தொழிலதிபராம்! இப்படிப் பத்துப் பேர் வந்து பேசினால், ஒரே ஆள் பத்துத் தடவை வந்துபோனதாகத்தான் கேட்கிறவருக்குத் தோன்றும்.

தகப்பனாரை எனக்கு நன்றாகத் தெரியும். எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். என் வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு இருமுறை உயிர் கொடுத்தவர்.

"தொழிலதிபர் என்று யாரப்பா சொல்லச் சொன்னது?"

"பயிற்சி வகுப்பில் சார். கடை என்று சொன்னால் மதிப்பாக இருக்காதாம்."

நான் வேறு ஒன்று கேட்டேன். "மூன்று பேஸ் மோட்டார் ஒன்று எரிந்து கடைக்கு வருகிறது. ஏன் எரிந்தது என்று அப்பா எப்படிக் கண்டுபிடிக்கிறார்?"

பையனுடைய முகமே மாறிவிட்டது. இங்கிலீஷ் எங்கோ போய்விட்டது. "மூடியைக் கழற்றினாலே தெரியும் சார். ஸ்டார் இணைப்பில் இரண்டு பேஸின் சுருள் கருகி, மூன்றாவது புதிதுபோல இருந்தால், ஒரு பேஸ் இல்லாமலே மோட்டார் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இல்லாததன் சுமையையும் மற்ற இரண்டும் இழுத்துக் கருகிவிடும். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அநேகமாக அதிகச் சுமைதான்." எட்டாம் வகுப்பிலிருந்து கடையில் உட்கார்ந்து பார்த்தது. மோட்டார் நின்றால் உற்பத்தியே நிற்கிற ஓர் ஆலையில், இதைவிட நல்ல சுய அறிமுகம் வேறென்ன வேண்டும்?

அவனுடைய பைலைப் புரட்டினேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தது. 2010 முதல் தமிழக அரசு தந்துவருகிற கட்டணச் சலுகைக்காக வாங்கியது. குடும்பத்தில் இவனுக்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்று தாசில்தார் அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த காகிதம். அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் தகப்பனாரைத் தொழிலதிபராக்குவானேன்?

ஒத்திகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சதவீதம், ரயிலின் வேகம், எண் வரிசை எல்லாம் எழுத்துத் தேர்வில் வரும். கடிகாரத்தை எதிரே வைத்துப் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். "காலை ஆறு மணி ஷிப்டுக்கு எப்படி வருவாய்?" என்றும் கேட்பார்கள். திருவள்ளூர் அரக்கோணம் பாதையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியோ கூடூர் பாதையில். ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை போய் மாற வேண்டும். இதற்குப் பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பவன், நிஜமாகவே வேலைக்கு வரப்போகிறவன்.

அவன் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தில், 1973-இல் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய, பழகுநர் காலம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. ஆகவே, தருவது உத்தியோகமா, பழகுநர் இடமா என்று பணிவாகக் கேட்டுக்கொள்வதில் குற்றமில்லை.

வேலை கிடைத்துவிடும் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. நாலு இடத்துக்கு எண்பது பேர் வந்தால், எழுபத்தாறு பேர் திரும்பித்தான் ஆக வேண்டும். ஆனால் தன் முகத்தோடு போனவன் தன் முகத்தோடே திரும்புவான். அடுத்த ஆலையின் வாசலுக்கும் அதே முகத்தோடு போகலாம். இரவல் முகத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.