பேசியவர்கள் பட்டியல்

டீச்சர் வெளியே போன நேரத்தில் கரும்பலகையின் ஓரத்தில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டு கிளாஸ் லீடர் பெயர் எழுதும் வழக்கம், தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். எழுதிய பிறகும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ‘மிக’ சேரும்; அதற்கும் அடங்காவிட்டால் ‘மிக மிக’. விசாரணை நடக்கும் முன்பே தீர்ப்பை எழுதிவிடும் பட்டியல் இது: பேசுவது குற்றம், வாய் மூடி இருப்பது படிப்பு. முறை வராமல் பேசும் சின்னப் பிள்ளைகளை எப்படி அடக்குவது என்று தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கேட்கும்போதும் இதே தீர்ப்புதான் அடியில் கிடக்கிறது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைக்கு முறை எப்போது வரும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். வகுப்பறைப் பேச்சை அளந்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் நெட் ஃபிளாண்டர்ஸ், வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பதாகவும், அந்தப் பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்றும் கண்டார். 40 நிமிடப் பாடவேளையில் இந்த விகிதத்தை வைத்தால், பிள்ளைகள் எல்லோருக்குமாக மிஞ்சுவது சுமார் 9 நிமிடம். வகுப்பில் 30 பேர் இருந்தால் தலைக்கு 18 விநாடி. அதையும் முன்வரிசையில் கை தூக்கும் நாலைந்து பேர் எடுத்துக்கொள்கிறார்கள். ஏழு வயதில், தோன்றியதைத் தோன்றியவுடன் சொல்லத் துடிக்கும் பிள்ளை, வராத முறைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும்? ஒழுங்கு கெட்டதாக நாம் காண்பதில் பெரும்பகுதி, உண்மையில் வாய்ப்புப் பற்றாக்குறை.

பள்ளி அமைப்பே இதை இன்னும் இறுக்குகிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. கலவை என்ற ஊரைச் சுற்றியுள்ளவை போன்ற சிற்றூர்களில் இதற்கு நடைமுறைப் பொருள், ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் சமாளிப்பது. மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நடக்கும்போது அதே அறையில் இரண்டாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். சும்மா உட்கார்ந்த பிள்ளை பேசத்தான் செய்யும். ஆற்காட்டைத் தாண்டி மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்களுக்குப் போனால் இன்னொரு காரணமும் சேர்கிறது. வீட்டில் உருதோ தெலுங்கோ பேசும் பிள்ளை தமிழ்வழி வகுப்பில் உட்காரும்போது, டீச்சர் சொன்னது புரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் கிசுகிசுக்கிறது. அந்தக் கிசுகிசுப்பு பாடத்துக்கு இடைஞ்சல் அல்ல, பாடத்துக்குள் நுழைய அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஒரே வாசல். பட்டியலில் ஏறுவது என்னவோ அதன் பெயர்தான்.

அடக்கமாக, கை கட்டி வாய் பொத்தி இருப்பதுதானே நம் கல்வி மரபு என்று சிலர் சொல்வார்கள். மரபில் ஆசானிடம் பணிவு உண்டு; வகுப்பில் நிசப்தம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தைத் தெருமுனையிலேயே காது காட்டிக் கொடுத்துவிட்டது. எண்சுவடியும் ஆத்திசூடியும் கூட்டுக் குரலில்தான் மனப்பாடம் ஆயின. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்கு முறை சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், இவ்வூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுவந்தார். மாணவனைக்கொண்டே மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் லண்டனில் நூலாக்கினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. கற்றுக்கொடுத்த சட்டாம்பிள்ளையின் இடத்தில் இன்று பெயர் எழுதும் லீடரை நிறுத்தியிருக்கிறோம். பிள்ளையின் வாயைக் கல்விக்குப் பயன்படுத்திய ஊரில், இன்னொரு பிள்ளையின் கையில் சாக்பீஸ் கொடுத்து அந்த வாயை அடைக்கிறோம்.

பிள்ளைகளைப் பேசவிட்டுக் கற்பிப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்பது நியாயமான கேள்வி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், கரும்பலகை அவர்கள் உயரத்துக்கு இறங்கியது. சந்தைக்கடை போல இருக்கிறது என்று அப்போதே குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் சத்தத்துக்கு இடம் கொடுப்பது வேறு, முறைவைத்துப் பேசக் கற்றுக்கொடுப்பது வேறு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரிக்கிறது. டீச்சர் ஒரு குழுவோடு இருக்கும்போது மற்றவை தாமே இயங்க வேண்டும். எப்போது மெல்லப் பேசுவது, எப்போது கேட்பது என்று பழகாத வகுப்பில் இது நடக்காது. இருவர் இருவராகப் பேச 4 நிமிடம் விட்டால், 18 விநாடி கிடைத்த பிள்ளைக்கு 2 நிமிடம் கிடைக்கும். பெயர் எழுதிய ஐஸ் குச்சிகளை டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தால், வாயாடிக்கும் வாய் திறக்காத பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு. கேள்வி கேட்டுவிட்டு 3 விநாடி பொறுத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோர் கூடுகிறார்கள் என்று 1970களில் ஆய்வாளர் மேரி பட் ரோ காட்டினார். பெரும்பாலான ஆசிரியர்கள் ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதும் அவர் கண்டதுதான்.

பிரம்பு போன பிறகு பயம் போய்விட்டது, இந்த உத்திகளுக்கு யார் கட்டுப்படுவார்கள் என்ற எதிர்ப்பும் உண்டு. உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. ‘மிக மிக’ என்று எழுதி வகுப்பு முன் நிறுத்துவதும் அந்த வரம்பை உரசுகிறது. பயனையே அளவுகோலாகக் கொண்டாலும் கண்டிப்பு தேறுவதில்லை. 1968இல் மேட்சன், பெக்கர், தாமஸ் மூவரும் தொடக்கப் பள்ளி வகுப்புகளில் செய்த ஆய்வில், விதிகளை எடுத்துச் சொன்னதால் மட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. சின்னச் சேட்டைகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, ஒழுங்காக நடந்ததைப் பாராட்டியபோதுதான் வகுப்பு அமைந்தது. கதை கேட்கும்போதும் எழுதும்போதும் அமைதி வேண்டும் என்பதில் தகராறு இல்லை. தன் முறை உறுதியாக வரும் என்று நம்பும் பிள்ளைதான் அடுத்தவர் முறையில் வாய் மூடி இருக்கும்.

இந்த மாற்றத்துக்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாக்குவது சரியல்ல. ஆய்வுக்கு வரும் அதிகாரியும், பக்கத்து வகுப்பு ஆசிரியரும், வாசலில் நிற்கும் பெற்றோரும் அமைதியான வகுப்பையே நல்ல வகுப்பு என்று மெச்சும்வரை, எந்த டீச்சரும் துணிந்து பிள்ளைகளைப் பேசவிட மாட்டார். வட்டாரக் கல்வி அலுவலர் தம் ஆய்வில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்: இந்தப் பாடவேளையில் எத்தனை பிள்ளைகள் பாடத்தைப் பற்றி வாய் திறந்தார்கள்? அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கினால், பேசியவர்கள் பட்டியலில் இடம்பெறாத பெயர்களைப் பற்றிப் பள்ளி கவலைப்படத் தொடங்கும்.