கண்ணாடியையும் கணக்கில் கொண்ட அலைவாங்கி

திங்கள்

நைனார்பாளையம் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கை ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள், சின்னசேலம் வழியாக நெடுஞ்சாலையில் ஏறி நத்தக்கரை சுங்கச்சாவடியைக் கடக்கின்றன. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து சுங்கக் கட்டணத்துக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டேக் ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. சாவடியின் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அதன் சிப் தனக்கு வேண்டிய மின்திறனை எடுத்துக்கொள்ள வேண்டும். 2005இல் இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 4 வாட் வரம்புக்குள் வீசப்படும் அந்த அலை லாரியை எட்டுவதற்குள் மிகவும் மெலிந்துவிடுவதால், கிடைக்கும் சிறு திறனையும் இழக்காமல் சிப்பிடம் சேர்ப்பதே ஸ்டிக்கரில் உள்ள அலைவாங்கியின் பணி.

செவ்வாய்

வழக்கமான வானொலிக் கருவிகளில் அலைவாங்கியை 50 ஓம் கம்பிவடத்துக்கு இசைவிப்பார்கள். இங்கே கம்பிவடமே இல்லை. சிப்பின் மின்எதிர்ப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு, தயாரிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. அதில் ஒரு பகுதி ஆற்றலைச் செலவிடும் மின்தடை. மறுபகுதி ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் மின்மறுப்பு, அது மின்தேக்கியைப் போன்றதாதலால் எதிர்க்குறி பெறுகிறது. எடுத்துக்காட்டாக, மின்தடை 20 ஓம், மின்மறுப்பு எதிர்க்குறியுடன் 200 ஓம் என்று கொண்டால், அலைவாங்கி அதே 20 ஓம் மின்தடையையும் நேர்க்குறியுடன் 200 ஓம் மின்மறுப்பையும் காட்டியாக வேண்டும். அப்போதுதான் இரண்டு மின்மறுப்புகளும் ஒன்றையொன்று நீக்கி, முழுத் திறனும் சிப்புக்குள் இறங்கும். மாறாக 73 ஓம் கொண்ட, ஒத்திசைவில் உள்ள அரையலை அலைவாங்கியை அப்படியே இணைத்தால், ஏறத்தாழ 12 விழுக்காடுதான் சேரும். தூரம் கூடக்கூட அலையின் திறன் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், படிக்கும் தொலைவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்.

வியாழன்

866 மெகாஹெர்ட்ஸில் அரையலை நீளம் 17.3 செ.மீ.; ஸ்டிக்கரோ அதைவிடக் குட்டையானது. எனவே அலுமினியப் படலத்தில் இரு கரங்களையும் பாம்பு நெளிவதுபோல மடித்து, நீளத்தை அகலத்துக்குள் அடக்குகிறார்கள். சிப்பை ஒட்டிய சிறு வளையம்தான் இந்த வடிவமைப்பின் உயிர்நிலை: 200 ஓம் மின்மறுப்புக்கு வேண்டிய ஏறத்தாழ 37 நானோஹென்றி மின்தூண்டலை அந்த வளையத்தின் சுற்றளவும் கீற்றின் அகலமும் தருகின்றன, தனிச் சுருளோ தனி மின்தேக்கியோ தேவைப்படுவதில்லை. ஆயினும் குறைந்த மின்தடையோடு உயர்ந்த மின்மறுப்பு சேரும்போது இசைவு கூர்மையாகிவிடுகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அலைவாங்கியின் மின்மறுப்பு 200 ஓமிலிருந்து 160 ஆகத் தாழ்ந்தாலே திறன் பாதியாகிவிடும். சிற்றலைவாங்கிகளுக்கு இத்தகைய கூர்மை இயல்பானது என்பதை 1947இல் பொறியாளர் வீலரும் 1948இல் பொறியாளர் சூவும் கணிதமாக நிறுவினர். அளவைக் குறைப்பவர் அலைவரிசை அகலத்தையோ செயல்திறனையோ விலையாகக் கொடுத்தே தீர வேண்டும்.

சனி

இந்தக் கணக்கில், ஸ்டிக்கர் ஒட்டப்படும் முன்கண்ணாடியும் ஓர் உறுப்பு. மின்புலத்தைத் தனக்குள் ஈர்த்துக்கொள்ளும் தன்மையில் காற்றைவிடக் கண்ணாடி ஆறேழு மடங்கு மிகுந்திருப்பதால், அதில் ஒட்டியதும் ஸ்டிக்கரின் ஒத்திசைவு அலைவெண் கீழிறங்குகிறது. இறங்கிய பிறகு 866 மெகாஹெர்ட்ஸுக்கு வந்து நிற்கும்படிதான் அது வரையப்படுகிறது. ஒட்டாமல் கையில் பிடித்துக் காட்டினால் கண்ணாடி தரவேண்டிய அந்த இறக்கம் கிடைப்பதில்லை. விரல்களின் ஈரத்தன்மை வேறு அலையை உறிஞ்சி இசைவைக் குலைக்கிறது. உலோகப் பூச்சுள்ள கண்ணாடியிலோ அலையே உள்ளே வருவதில்லை.

2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் ஒட்டாத ஸ்டிக்கர்களைக் கருப்புப் பட்டியலில் சேர்க்க முடிவுசெய்தபோது, வரிசையில் ஏற்படும் தாமதமும் தவறான கட்டணத் திருப்பக் கோரிக்கைகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. அலைவாங்கியியல் தரும் காரணமும் அவற்றுக்கு இளைத்ததல்ல. கண்ணாடியோடு சேர்ந்தால்தான் ஸ்டிக்கர் வேலைசெய்யும் என்ற ஒற்றை வரியை அதன் உறையில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது, கிழங்கு லாரி ஓட்டுநருக்குத் தண்டனை அறிவிப்பைவிடப் பயன்படும்.