பெட்டி நிற்கும், பிள்ளை நிற்காது

போன மாதம் உளுந்து விதைநேர்த்தி முகாம் முடிந்து கிளம்பும்போது, கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், பேரப்பிள்ளைகளோட சிங்கப்பூர் போய் வந்தீங்களாமே. எங்க வீட்டுக்காரரும் வரச் சொல்றாரு. ஏர்போர்ட்ல எக்ஸ்ரேக்குள்ளதான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகணுமாமே, குழந்தைக்கு ஆகுமா?"

விதைநேர்த்தி பற்றிச் சொன்னதைவிட இந்தப் பதிலைக் கேட்கத்தான் கூட்டம் நின்றது. டெல்டாவிலும் புதுக்கோட்டைப் பக்கமும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் அதிகம். அங்கே சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்ரீரங்கம் கோயிலை நினைவூட்டும் வண்ணங்களும் வேலைப்பாடுகளும் கண்ணை இழுக்கும். நாலு வயதுப் பேரன் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தான். டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே வர முடியாது. ஊரிலிருந்து வேன் நிறைய வந்த சொந்தங்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு நான், மகள், பேரன், எட்டு மாதப் பேத்தி, நாலு பைகள், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெண்ணின் பயத்துக்கு வருகிறேன். எக்ஸ்ரே என்பது பைகள் போகும் பெல்ட்டில் மட்டும்தான். மனிதர்கள் நடந்து போகும் கதவுச் சட்டம் மெட்டல் டிடெக்டர். அது காந்தப்புலத்தை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும். அதில் எக்ஸ்ரே கிடையாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டே கடக்கலாம். தள்ளுவண்டி இருந்தால் குழந்தையைக் கையில் எடுத்துவிட்டு, வண்டியை மடக்கிக் கொடுக்க வேண்டும்.

பெல்ட்டின் பக்கம் மட்டும் குழந்தையை விடக்கூடாது. 2006 டிசம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில், நடைமுறை தெரியாத ஒரு பாட்டி, ஒரு மாதப் பேரனைப் பிளாஸ்டிக் தட்டில் கிடத்தி எக்ஸ்ரே பெல்ட்டில் வைத்துவிட்டார். மருத்துவமனையில் பார்த்து, பாதிப்பு இல்லை என்று சொன்னார்கள். அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வரிசை நெருக்க, எதைத் தட்டில் வைப்பது, எதைக் கையில் வைப்பது என்று புரியாமல் நானும் நின்றிருக்கிறேன்.

இன்னொன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சோதனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். அதனால் குடும்பம் அங்கே இரண்டாகப் பிரிந்துவிடும். யாரோடு எந்தப் பிள்ளை என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். பேத்தி மகளோடு, பேரன் என்னோடு என்று நாங்கள் அங்கே போய்த்தான் முடிவு செய்தோம்.

பேரன் கதவைத் தாண்டியதும் சத்தம் வந்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண்! காவலர் கைக்கருவியோடு குனிய, பையன் அழத் தொடங்கினான். "கையை விரிடா, நீதான் ஏரோப்ளேன்" என்றேன். விரித்தான். ஒரு நொடியில் முடிந்தது.

பிறகுதான் தவறு செய்தேன். செல்போன், பெல்ட், பைகள் எல்லாம் தட்டுகளில் வந்துகொண்டிருந்தன. அவற்றை அள்ளத் திரும்பினேன். நிமிர்ந்தபோது பேரன் இல்லை. அத்தனை பெரிய கூடத்தில் எந்தப் பக்கம் ஓடுவது? கால் நடுங்கிவிட்டது. அம்மாவைத் தேடிப் பெண்கள் பக்கத் திரையருகே போயிருக்கிறான். ஒரு பெண் காவலர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அரை நிமிடம்கூட இருக்காது. ஆனால் விமானத்தில் ஏறிய பிறகும் அவன் கையை நான் விடவில்லை.

அன்று கற்றது இது. முதலில் பிள்ளை, பிறகு பை. தட்டு எங்கேயும் போகாது. பிள்ளையின் சட்டைப் பையில் பெயரும் செல்போன் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். வெள்ளிக் கொலுசு, அரைஞாண் இருந்தால் சத்தம் வரலாம் என்று பிள்ளையிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

கைப்பையில் திரவம் எதுவானாலும் ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் கூடாது. குழந்தைக்கு வழியில் தேவைப்படும் பாலுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. அவற்றைத் தனியாக எடுத்துக் காட்டுங்கள். பொம்மைத் துப்பாக்கி, கத்தரிக்கோல் வேண்டாம். ஊறுகாயைப் பெரிய பெட்டியில் போடுங்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

சம்பந்தியம்மா பாசத்தோடு கட்டித் தந்த கொப்பரையை நான் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன். எண்ணெய்ப் பசை அதிகமுள்ள கொப்பரை தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. அதை எந்தப் பெட்டியிலும் விட மாட்டார்கள். கொப்பரைக் குடோன் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

எல்லாம் கேட்ட பிறகு அந்தப் பெண் ஒன்றே ஒன்று கேட்டார். "தனியாத்தான் போறேன் சார். ஒரு கையில குழந்தை, இன்னொரு கையில பையா?"

"ஒரே ஒரு பை, அதுவும் தோளில் மாட்டுற பை. மத்ததெல்லாம் பெரிய பெட்டியில போட்டு முதல்லயே கொடுத்துடும்மா. தட்டுல எடுத்து வைக்கக் காவலர்கிட்ட உதவி கேளு, செய்வாங்க. குழந்தையை மட்டும் கீழே விடாதே" என்றேன்.