முதல் பிழைக்கும் முதல் கட்டிக்கும் நடுவே

தம்பிகளா, நம்ம மணமேல்குடியில் இன்னமும் சிலர் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள். முன்வினை என்கிறார்கள், ஒட்டிக்கொள்ளும் என்று நோயாளியின் தட்டைத் தனியே வைக்கிறார்கள். இரண்டும் பொய். உள்ளே நடப்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

உடம்பில் தேய்ந்த செல் உதிர்ந்து புதியது பிறக்க வேண்டும். அதற்காக ஒரு செல் இரண்டாகப் பிரியும். பிரியும் முன் தன் டி.என்.ஏ.வின் ஏறத்தாழ 600 கோடி எழுத்துகளையும் நகலெடுக்கும். அவ்வளவு எழுத்தில் பிழை விழத்தான் செய்யும். கரையில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணியைத் தேடிக் கட்டுகிறோமே, அப்படிச் செல்லும் தேடித் திருத்தும். திருத்த முடியாவிட்டால் தானே மடியும். பி53 என்றொரு மரபணு அதற்குக் காவல்.

பொதுவாக ஒரு பிழை மட்டும் புற்றாகிவிடாது. பிரியத் தூண்டும் மரபணு ஓயாமல் தூண்ட வேண்டும், தடுக்கும் மரபணு கெட வேண்டும், மடிய வேண்டிய செல் மடியாமல் நிற்க வேண்டும். இத்தனையும் ஒரே செல்லின் வாரிசுகளில் வந்து சேர, பெரும்பாலும் பல ஆண்டுகள் பிடிக்கும். அப்புறம்தான் கட்டி, அது தனக்கு ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டு, ரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவும்.

அந்த ஆண்டுகளை நழுவவிடக் கூடாது. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் புற்று. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். இளம் வயதிலேயே போய்விட்டார். அந்தத் துயரத்தை அக்கா மறக்கவே இல்லை. அவர் முயற்சியால்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு எழுந்தது.

கடலில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறீர்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. அதன் நஞ்சு கன்னத்துச் செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டி, பிழைமேல் பிழை சேர்க்கிறது. முதலில் வெள்ளைத் திட்டு வரலாம். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அப்போதே புகையிலையை விட்டால் பல திட்டுகள் மறைந்தும்விடும்.

பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அம்மாவிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம்.

நாளைக்குப் பல் தேய்க்கும்போது வாயைத் திறந்து கண்ணாடியில் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தால், இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டால், புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏறுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.