அப்பா போட்ட கூரை

ரந்தாவுக்கு அருகிலிருக்கும் எங்கள் வீட்டுக் கூரை 1984ஆம் ஆண்டு போடப்பட்டது. தோட்டத்து லயத்தில் தகரக் கூரையின்கீழ் வளர்ந்த அப்பா, சொந்த வீடு கட்டியபோது தகரமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பகலில் தகரம் கொதிக்கும். மழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் கல்நார் கலந்த சிமெண்டுத் தகடுகளை வாங்கினார். அஸ்பெஸ்டாஸ் என்று சொல்வது அதைத்தான். துரு ஏறாது, தீப்பிடிக்காது. பால்மரம் வெட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் போட்ட கூரை அது.

சென்ற அக்டோபர் மழையில் நடு அறையில் மூன்று வாளிகள் வைத்தோம். தகடுகள் கறுத்து, விளிம்புகள் உதிரத் தொடங்கியிருந்தன. கூரையை மாற்றியே ஆக வேண்டும் என்றேன்.

“சரிம்மா. ஆனா, பழசை நானே இறக்கிடுறேன். ரெண்டு ஆள் கூலி மிச்சம். நல்ல தகடா பார்த்து அறுத்தா கோழிக்கூண்டுக்கு ஆகும்,” என்றார் அப்பா. அவருக்கு வயது எழுபத்தைந்து. கையில் அப்போதே ரம்பம் இருந்தது.

கல்நாரின் எல்லா வகைகளுமே புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடையாத தகடு தலைக்குமேல் சும்மா கிடக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும்; சுவாசித்தால் நுரையீரலில் தங்கிவிடும். சாதாரணத் துணி முகமூடி அவற்றைத் தடுக்காது. நோய் வெளியே தெரிய இருபது, முப்பது ஆண்டுகள்கூட ஆகலாம். இவற்றையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன்.

“இருபது வருசமா? அப்ப எனக்கென்ன பயம்?” என்று சிரித்தார்.

படிவம் இரண்டில் பயிலும் என் மகன் தாத்தாவின் அருகில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அவனைப் பார்த்தார். பிறகு ரம்பத்தைக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டார்.

இரண்டு குத்தகையாளர்களிடம் விலை கேட்டோம். குறைந்த விலை சொன்னவர், பழைய தகடுகளைச் செம்பனைக் காட்டோரம் கொட்டிவிடலாம் என்றார். மற்றவர், தகடுகளை நீரில் நனைத்து, உடைக்காமல் கழற்றி, தடித்த நெகிழியில் சுற்றி முறையாக அகற்ற வேண்டும் என்றார். இரண்டாயிரம் ரிங்கிட் கூடுதல். அவரையே அமர்த்தினோம்.

கூரையை அளந்தது மகன்தான். வீட்டின் பாதி அகலம் 12 அடி. முகட்டின் உயரம் 5 அடி. பைதகரஸ் தேற்றப்படி சரிவு 13 அடி. தாழ்வாரத்திற்கு இரண்டடி சேர்த்தால் ஒரு தகடு 15 அடி. தாத்தா நம்பவில்லை, கயிறு போட்டு அளந்து பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

சிமெண்டு ஓட்டின் பாரத்தைப் பழைய மரச்சட்டங்கள் தாங்காது. கடைசியில் மீண்டும் தகரத்துக்கே வந்து நின்றோம்! வெப்பத்திற்கும் ஓசைக்கும் அடியில் காப்புப் படலம் விரித்து, உட்கூரையும் அடிப்பதென முடிவாயிற்று. மழை குறையும் ஜூலையில் வேலை.

நாள் குறித்த அன்று அப்பா அண்ணாந்து பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“மழை பெஞ்சா சத்தம் கேட்குமாம்மா?”

“கொஞ்சம் கேட்கும்பா.”

“கொஞ்சம்னா பரவாயில்ல,” என்றார்.