பட்டியலில் இருக்கும் பழைய கெர்னல்

2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது நினைவிருக்கும். அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. கணினியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் காட்டும் நிரலின் பெயர் கிரப்.

எங்கள் நெம்மேலியில் அப்படி ஒரு மடிக்கணினி இன்னும் உழைக்கிறது. அன்று பள்ளியில் அதை வாங்கிய பெண், இன்று மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை அதில்தான் எழுதுகிறாள். இப்போது அதில் இருப்பது லினக்ஸ் மின்ட். பேட்டரி செத்து வெகுநாளாகிறது. போன வருடம் அப்டேட் ஓடும்போது மின்சாரம் போய்விட்டது. பிறகு கணினி எழவில்லை. கடையில் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்றார்களாம்.

"மாமா, திங்கட்கிழமை பேங்க்ல கணக்கு காட்டணும். மூணு வருஷக் கணக்கும் இதுலதான் இருக்கு" என்று தூக்கிக்கொண்டு வந்தாள்.

கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்றொரு வரி உண்டு. அதைத் திறந்தோம். 5.15.0-92, 5.15.0-91 என இரண்டு எண்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே 'ரெக்கவரி மோட்'.

இவை இரண்டு லினக்ஸ் அல்ல. ஒரே லினக்ஸின் இரண்டு கெர்னல்கள். வட்டு, விசைப்பலகை, வைஃபை எல்லாவற்றையும் வேலை வாங்கும் மூல நிரல்தான் கெர்னல். 1991-ல் ஃபின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. 5.15 என்பது கெர்னலின் வரிசை. கடைசி எண் அதில் எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்லும். அப்டேட்டில் புதியது வந்தாலும் பழையதை உடனே தூக்கிப் போடுவதில்லை. புதியது மக்கர் செய்தால் பழையது கைகொடுக்கும். எதைத் தேர்ந்தாலும் நம் கோப்புகள் அப்படியே இருக்கும். அவை வேறு இடத்தில் இருப்பவை.

அம்புக்குறியைக் கீழே நகர்த்தி 91-ஐத் தேர்ந்து என்டர் தட்டினாள். கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. கணக்கும் அப்படியே இருந்தது. முதல் வேலையாக அதைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டாள். அதன் பிறகே பாதியில் நின்ற அப்டேட்டை முடித்தோம், 92-ம் ஓடியது. ரெக்கவரி மோட் தேவைப்படவில்லை. பழைய கெர்னலும் எழாதபோது, அல்லது கடவுச்சொல் மறந்துபோனால், அது உதவும்.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பட்டியல் தானாக வராவிட்டால், கணினியைப் போட்டவுடன் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள், சிலவற்றில் எஸ்கேப். இடம் போதவில்லை என்று பழைய கெர்னல்களை நீக்கினாலும், நன்றாக ஓடிய ஒன்றையாவது விட்டுவையுங்கள். ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கும் முன் அந்தப் பட்டியலில் இரண்டாவது எண்ணை ஒருமுறை தேர்ந்து பாருங்கள்.